கடைசிக் கை வரைக்கும்

பிரியாணிப் பொட்டலத்தின் நூலை அவிழ்த்ததும் அது பேச ஆரம்பித்தது.

“வணக்கம். இந்தப் பொட்டலத்துக்குப் பணம் தந்தவர், கரூர் பாத்திரக்கடை ஹரிஷ். ஹரிஷுக்குத் தந்தவர், வெள்ளகோவில் கொசுவலைக் கடை தீபக். தீபக்குக்குத் தந்தவர், ஒட்டன்சத்திரம் மண்டி சஞ்சய். மூன்று கை முடிந்தது. நன்றி.”

சந்தைத் திடலில் அன்று மத்தியானம் எண்ணூறு பொட்டலங்கள் பிரிக்கப்பட்டன. எண்ணூறும் கொஞ்சம் முன்னே பின்னே அதே மூன்று பேரைச் சொல்லின. கள்ளியம்புதூர்க்காரர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. 2061-இல் அந்தப் பேரூராட்சியில் தேர்தல் சோறு பேசாமல் இருந்தால்தான் சந்தேகப்படுவார்கள்.

“யாருங்க அந்த ஹரிஷு? மவராசன், லெக் பீஸு வெச்சிருக்கான்,” என்றார் ஒருவர், எலும்பைக் கடித்துக்கொண்டே.

பூவிழிக்குத்தான் சோறு இறங்கவில்லை. பேரூராட்சித் தலைவர் பதவிக்கு ரித்திக்கை எதிர்த்து நிற்பவள் அவள். எதிரியின் கூட்டத்தை வேவு பார்க்க வந்து, பந்தல் காலோரம் நின்றிருந்தாள். பக்கத்தில் அவள் கணவன் பிரணவ் இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்தான்.

“ஏனுங்க, வேவு பாக்க வந்த எடத்துல இப்படித் திங்கலாமுங்களா?”

“சோறு என்ன பாவம் பண்ணுச்சு அம்மிணி? எதிரி போட்டாலும் பிரியாணி பிரியாணிதான். அந்தத் தயிர்ப் பச்சடிய இப்படித் தள்ளு.”

பொட்டலத்தில் பேசியது பிரணவ் செய்த கருவி. அவன் அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். தாள் பணம் ஒழிந்து தடநாணயம் வந்த பிறகு, ஒவ்வொரு ரூபாயும் தான் கடந்து வந்த கைகளை நினைவில் வைத்திருந்தது. ஆனால் அந்த நினைவை வங்கிக்காரர்கள் மட்டும்தான் படித்துக்கொண்டிருந்தார்கள். பிரணவ் நெற்றிப்பொட்டு அளவில் ஒரு வில்லை செய்தான். பொருளின் மேல் ஒட்டினால் அது அந்தப் பொருளுக்கான ரசீதைப் பிடித்து, பணம் வந்த வழியிலேயே பின்னோக்கி நடந்து, யார் யார் கை என்று வாய்விட்டுச் சொல்லும். ஊற்றுச்சொல்லி என்று பெயர் வைத்தான். ஊர் அதைப் பேசும் பொட்டு என்றது.

நான்கு வருடங்களுக்கு முன்னால், பூவிழியும் இன்னும் பன்னிரண்டு பேரும் வீடு வீடாக ஏறி இறங்கி ஒரு துணைவிதி கொண்டு வந்தார்கள். உள்ளூர்த் தேர்தலுக்கு உள்ளூரே விதி எழுதிக்கொள்ளலாம் என்று அரசு அனுமதித்திருந்த காலம் அது. தேர்தலுக்காக ஊருக்குள் வரும் எந்தப் பொருளிலும் பொட்டு இருக்க வேண்டும். நிறுவனம் எதுவும் ஒரு காசு தரக் கூடாது. ஊர்க்காரர் ஒருவர் ஒரு வேட்பாளருக்கு ஒரு டீ விலைக்கு மேல், அதாவது ஐம்பது ரூபாய்க்கு மேல் தரக் கூடாது. தந்தால் அந்தத் தேர்தலில் அவருக்கு ஓட்டு கிடையாது. கடைசி வரியை எழுதியது பூவிழி. கோபத்தில் எழுதினாள், கையெழுத்துகூட அழுத்தமாக விழுந்திருந்தது.

விதி நன்றாகத்தான் இருந்தது. அதில் ஒரே ஓட்டை, பொட்டு மூன்று கைக்கு மேல் பின்னோக்கிப் போகக் கூடாது என்று வைத்தது. சாதாரண ஜனங்களின் வீட்டுக் கணக்கை நோண்ட வேண்டாமே என்று இரக்கப்பட்டு வைத்தார்கள். அந்த இரக்கத்துக்குள் புகுந்து பளிங்குச்சுனை நிறுவனம் சொகுசாகக் கால் நீட்டிப் படுத்துக்கொண்டது.

பளிங்குச்சுனை தண்ணீர்க் கேன் விற்கும் கம்பெனி. கள்ளியம்புதூரில் அந்த நீலக் கேன் இல்லாத வீடு கிடையாது. ஊருக்கு மேற்கே பாறைக்குழி இருக்கிறது. பழைய கல்குவாரியில் ஊற்று பீறிட்டு, பனைமர ஆழத்துக்குப் பச்சைத் தண்ணீர் நிற்கிறது. எந்தக் கோடையிலும் அது வற்றியதில்லை. முப்பது வருடக் குத்தகைக்கு அதைக் கேட்டுக் கம்பெனி மனுப் போட்டிருந்தது. அடுத்த தலைவர் கையெழுத்துப் போட்டால் பாறைக்குழி போய்விடும். ரித்திக் போடுவான். பூவிழி போட மாட்டாள். வடிகட்டி வைத்து அந்தத் தண்ணீரை வீட்டுக்கு வீடு குழாயில் விடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மொத்தத் தேர்தலும் இவ்வளவுதான்.

“கம்பெனி காசுன்னு ஊருக்கே தெரியும். பொட்டு மட்டும் கொசுவலை, பாத்திரம்னு சொல்லிட்டுக் கெடக்குது,” என்றாள் பூவிழி.

“மூணு கைதானே விதி. கம்பெனி பதினாலாவது கையில உக்காந்திருக்குது,” என்றான் பிரணவ், விரலை நக்கிக்கொண்டு.

“அப்ப விதிய மாத்திருவோமுங்க.”

*

கள்ளியம்புதூர் ஊர் அவைக்கு ஒரு வழக்கம் உண்டு. அவரவர் நாற்காலியை அவரவரே தூக்கிக்கொண்டு வர வேண்டும். எவனோ போட்ட நாற்காலியில் உட்கார்ந்தால் எவனோ சொல்வதைக் கேட்க வேண்டியிருக்கும் என்று பூவிழிதான் ஆரம்பித்து வைத்தாள். இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் பிழைப்பே பந்தல், மைக்செட், நாற்காலி வாடகைதான். வழக்கம் வந்த நாளிலிருந்து அவளுடைய அறுநூறு நாற்காலிகள் கடைக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு தூங்கின. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவள் என்று பிரணவ் அவளைக் கேலி செய்வான். அவளும் சிரிப்பாள்.

ஓட்டெடுப்பும் நாற்காலியால்தான். தீர்மானம் வேண்டும் என்பவர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு புளியமரத்தடிக்குப் போக வேண்டும். வேண்டாம் என்பவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம்.

பூவிழி எழுந்து தீர்மானத்தை வாசித்தாள். “மூன்று கை என்பது இனி இல்லை. கடைசிக் கை வரைக்கும் பொட்டு சொல்ல வேண்டும். கைமாற்றி விட்டவர்கள் எல்லாரும் நடுக்கை. உழைத்துச் சம்பாதித்த காசாக அது எவரிடமிருந்து கிளம்பியதோ, அவர்தான் கடைசிக் கை. அவர்தான் பணம் தந்தவர்.”

பிரணவ் அவள் காதருகே குனிந்தான். “அம்மிணி, கடைசிக் கை யாருதுன்னு தெரியாம விதி எழுதறது நல்லதில்ல. ஒருக்கா ஓட்டிப் பாத்துட்டு எழுதலாம்.”

“இதுல ஓட்டிப் பாக்க என்னுங்க இருக்குது? பதினாலாவது கையில கம்பெனி பேரு வரும். ஊரே காறித் துப்பும். அது போதும்.”

“கம்பெனிக்குப் பொறகால?”

“கம்பெனிக்குப் பொறகால என்ன இருக்குது, வெறும் சுவரு!”

நாற்காலிகள் கிளம்பின. பிளாஸ்டிக், இரும்பு, மூன்று கால் முக்காலி, ஒருவர் திருமணச் சீரில் வந்த சோபாவையே இரண்டு பேர் உதவியோடு நகர்த்தினார். கடைசியில் நடுத் திடலில் ரித்திக் ஒருவன் மட்டும் உட்கார்ந்திருந்தான். நாற்பத்தொரு வயது, கல்யாணம் ஆகாதவன், எந்த வீட்டுக்குப் போனாலும் சொந்தப் பிள்ளை மாதிரி அடுப்படி வரை நுழைகிறவன். ஊரில் யாருக்கும் அவன் மேல் கோபம் கிடையாது, வருத்தம்தான் உண்டு.

“ஏப்பா ரித்திக்கு, ஒனக்கு மடியில கனம் இருக்குதா?” என்று மரத்தடியிலிருந்து யாரோ கேட்டார்கள்.

“எனக்கென்னுங்க பயம்!” என்று அவனும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு புளியமரத்தடிக்கு வந்தான். முகத்தில் மட்டும் வேர்த்திருந்தது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

*

வாக்குப்பதிவுக்கு நான்கு நாள் முன்னால் ரித்திக்கின் கடைசிப் பெருங்கூட்டம். சாயங்காலம் ஐந்து மணி, நல்ல வெயில். கம்பெனிக்காரர்கள் விதி மாறியதை அறியாமலில்லை. ஆனால் பதினாலு கையையும் ஏறிப்போய்ச் சொல்ல ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் வில்லைக்குத் தெம்பு இருக்காது என்று நம்பிவிட்டார்கள். ஊரை அசத்த ஐந்நூறு புதுக் குளிர்நாற்காலிகளை வாங்கி இறக்கியிருந்தார்கள். உட்கார்ந்தால் முதுகுக்குச் சில்லென்று காற்று வரும் சாதி. ஒவ்வொன்றின் தலையிலும் விதிப்படி ஒரு பொட்டு.

முதலில் மேடையில் ரித்திக் உட்கார்ந்தான். நாற்காலி தொடங்கியது. ஹரிஷ், தீபக், சஞ்சய். அப்புறம் ஒரு டயர் கடை, ஒரு யோகா நிலையம், ஒரு கோழிப்பண்ணை. திடல் விரல் விட்டு எண்ணியது. பதிமூன்று முடிந்தது.

“பதினான்காவது கை, பளிங்குச்சுனை நீர் நிறுவனம்.”

திடல் அதிர்ந்தது. பூவிழி இரண்டு விரலை வாயில் வைத்து அடித்த விசிலில் பக்கத்துத் தெரு நாய்கள்கூடக் குரைத்தன. நாற்பத்தெட்டு வயதுப் பெண்மணி அப்படி விசிலடிப்பதை ஊர் அன்றுதான் பார்த்தது. நான்கு வருட நடை, நான்கு வருட வாய்வலி, எல்லாம் அந்த ஒரு பெயருக்காகத்தான். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆனால் நாற்காலி நிறுத்தவில்லை.

“பளிங்குச்சுனை நடுக்கை. பளிங்குச்சுனைக்குத் தந்தவர், கள்ளியம்புதூர் கிழக்கு வீதி சுகன்யா. தண்ணீர்க் கேனுக்காகத் தந்தது. இட்லி மாவு விற்றுச் சம்பாதித்த காசு. கடைசிக் கை முடிந்தது. நன்றி.”

மேடையில் ரித்திக் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். கிழக்கு வீதி சுகன்யா அவன் அம்மா.

திடலில் மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரு நாற்காலி, “பள்ளிவாசல் சந்து ரிஸ்வான், தறி ஓட்டிய கூலி” என்றது. இன்னொன்று, “தெற்குக் காடு ஹாசினி, பால் ஊற்றிய காசு” என்றது. சிலதில் ஒரே பெயர், சிலதில் ஏழெட்டுப் பெயர்கள். எல்லாம் ஊர்ப் பெயர்கள்.

“அட, என்ற பேரச் சொல்லுது!” என்று ஒரு பெண் கத்தினாள்.

“எங்கூட்டுக்காரரு பேரு இங்க இருக்குதுங்க! எந்திரிங்க, இது எங்க நாற்காலி!”

அதற்கப்புறம் அது கூட்டமாக இல்லை, திருவிழாவாகிவிட்டது. ஜனங்கள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கேட்டு, எழுந்து, அடுத்ததற்கு ஓடினார்கள். பெயர் கிடைத்தவர்கள் நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்கள். ஒரே நாற்காலியில் பெயர் வந்த ஏழு பேர், வாரத்தில் ஆளுக்கொரு நாள் என்று அங்கேயே பங்கு பிரித்துக்கொண்டார்கள். மேடை வளைவு ஒரு தெருவையே சொன்னது. அந்தத் தெருக்காரர்கள் அதைக் கழற்றிப் போய்ப் பாகற்கொடிக்குப் பந்தல் போட்டார்கள். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை ஊருக்கு அன்று புரிந்தது. கம்பெனி தன் பணத்தில் ஊரை வாங்கவில்லை. ஊரின் பணத்தில்தான் ஊரை வாங்கிக்கொண்டிருந்தது.

வெறுமையான மேடையில் ஒலிவாங்கி மட்டும் மிஞ்சியிருந்தது. பிரணவ் போய் அதைத் தொட்டான். “சந்தைப்பேட்டை பூவிழி, நாற்காலி வாடகைக் காசு,” என்றது அது, ஊர் முழுக்கக் கேட்கும்படி.

“கம்பெனிக்குப் பொறகால வெறும் சுவருன்னு சொன்னியே அம்மிணி,” என்றான் பிரணவ். “சுவத்துல உன்ற பேருதான் எழுதியிருக்குது.”

*

மறுநாள் காலை பத்து மணிக்குத் தேர்தல் அலுவலர் ஜெனிபர் மேரி, பூவிழியின் கடைக்கே வந்தார். திண்டுக்கல்காரர். விதி என்றால் நிறுத்தற்குறி உட்பட மதிக்கிறவர். கையில் ஒரு அறிவிப்பு.

“மேடம், நீங்க ரித்திக்குக்கு இருநூத்துப் பன்னெண்டு ரூபா நன்கொடை குடுத்திருக்கீங்க.”

“நானா! நான் அவன எதுத்து நிக்கறவளுங்க!”

“கேன் தண்ணி வாங்கினீங்கல்ல? அதுல ஒரு பங்கு லாபமாகி, பதினாலு கை தாண்டி அவர்கிட்ட போயிருக்கு. கைமாத்துனவங்க எல்லாரும் நடுக்கை, உழைச்சவங்கதான் பணம் தந்தவங்கன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க? அதனால கம்பெனி மேல கேஸ் இல்ல. ஒரு டீ விலைக்கு மேல தந்ததுனால உங்களுக்கு இந்தத் தேர்தல்ல ஓட்டு இல்ல.” ஜெனிபர் கொஞ்சம் தயங்கினார். “வேட்பாளரா நிக்கலாம். அதுக்கு விதியில தடை எதுவும் எழுதல.”

“எனக்கு மட்டுந்தானுங்களா?”

“ஊர்ல மொத்தம் ஒம்பதாயிரத்து இருநூத்துப் பதினாலு ஓட்டு. எல்லாரும் கேன் வாங்கியிருக்காங்க, எல்லாரும் வரம்பைத் தாண்டிட்டாங்க. ஒருத்தரைத் தவிர.”

“ஆருங்க அந்தப் புண்ணியவான்?”

“ரித்திக். அவருக்குக் கம்பெனி நாலு வருஷமா கேனைச் சும்மா குடுத்திருக்கு. அவர் கையிலேர்ந்து ஒரு காசும் போகல.”

பூவிழி பக்கத்திலிருந்த நாற்காலி அடுக்கின் மேல் சாய்ந்துகொண்டாள். அவள் அழுத்தி எழுதிய கடைசி வரி, ஊரில் எல்லாருடைய ஓட்டையும் பறித்து, கம்பெனியின் ஆளிடம் மட்டும் ஓட்டை விட்டு வைத்திருந்தது. வேட்பாளர் இருவர், வாக்காளர் ஒருவர், அந்த ஒருவரும் எதிரி. பாறைக்குழி போனது போலத்தான்.  உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்த பிரணவ் சிரிக்க ஆரம்பித்தான். அடக்கப் பார்த்து முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். முறைத்துப் பார்த்த அவளுக்கும் தொற்றிக்கொண்டது. ஜெனிபர் மேரி மட்டும் அறிவிப்பைக் கதவில் ஒட்டிக்கொண்டிருந்தார்.

*

அடுத்த இரண்டு நாள் கள்ளியம்புதூர் செய்த காரியத்தைத் துணைவிதி எழுதியவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். லஞ்சத்துக்கு எதிராக நான்கு வருடம் தொண்டை கிழியக் கத்திய ஊர், ஒற்றை வாக்காளனைக் கவனிக்கக் கிளம்பிவிட்டது.

காலையில் ரித்திக் கதவைத் திறந்தால் வாசலில் வரிசை. ஒருவர் ஒப்புட்டுப் போளி கொண்டு வந்தார். ஒருவர் அரிசிம்பருப்புச் சாதம், மேலே நெய் மிதக்க. முடிதிருத்துபவர் கத்தரிக்கோலோடு வந்து நின்றார். அவன் வண்டியை யாரோ கழுவி, யாரோ துடைத்து, யாரோ மறுபடியும் கழுவினார்கள். விதி விதிதான் என்று எல்லாவற்றிலும் பொட்டு ஒட்டியிருந்தார்கள். “வடக்கு வீதி மிதுன், மூட்டை தூக்கிய கூலி, பதினெட்டு ரூபாய்,” என்றது பணியாரம். “ஹாசினி, பால் ஊற்றிய காசு, முப்பத்திரண்டு ரூபாய்,” என்றது தயிர்ச் சட்டி. ரித்திக் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு பெயரைக் கேட்டுக்கொண்டே தின்றான்.

கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. புதுக் கார் ஒன்றை அனுப்பியது. அவன் கதவைத் திறந்ததும் கார் ஊர்ப் பெயர்களை வாசிக்க ஆரம்பித்தது. அதில் கிழக்கு வீதிக்காரர்களே கால்வாசி. ரித்திக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டான். சாயங்காலத்துக்குள் கிழக்கு வீதிக்காரர்கள் முறை போட்டுக்கொண்டு அதில் கோயிலுக்குப் போய் வந்தார்கள்.

பூவிழி மட்டும் போகவில்லை. தான் எழுதிய விதியைத் தானே மிதிப்பதா என்று ஒரு வீம்பு. வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் சாயங்காலம் மனசு கேட்காமல் கிளம்பினாள். போகிற வழியில் பாறைக்குழியில் இறங்கி ஒரு சொம்பு மொண்டுகொண்டாள்.

ரித்திக் வாசற்படியில் தனியாக உட்கார்ந்திருந்தான். தின்ற களைப்பு முகத்தில் தெரிந்தது.

“வாங்கக்கா. நீங்களும் எதாச்சும் கொண்டாந்தீங்களா? வயித்துல எடமில்லீங்க.”

“தண்ணிதான் தம்பி. உங்க மாமன் பள்ளிக்கோடத்துல சோதிச்சுப் பாத்தாரு. நல்ல தண்ணி.”

அவன் சொம்பை வாங்கிக்கொண்டான், குடிக்கவில்லை. “நாலு வருஷமா எனக்குச் சும்மாதான் கேன் வருதுன்னு நெனச்சுட்டு இருந்தேனுங்கக்கா. ஆரும் எங்கிட்டக் காசு கேக்கல. அதனால ஆரும் காசு குடுக்கலைன்னு நெனச்சுட்டேன்.”

பூவிழி பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள்.

“எங்கம்மா கெழக்கு வீதியில அண்ணங்கூட இருக்குது. மாவாட்டி வித்து, அதுல கேன் வாங்குது. எனக்கு வந்ததுல ஒண்ண அதுக்குக் கொண்டுபோயிக் குடுக்கோணும்னு ஒருநாளும் தோணல.” அவன் சொம்பை மடியில் வைத்துக்கொண்டான். “அன்னைக்கு மேடையில நாற்காலி சொன்னப்ப எனக்கு நாக்கப் புடுங்கிக்கலாம்னு இருந்துச்சு.”

பூவிழிக்கு அவன் மேலிருந்த கசப்பெல்லாம் அந்த நேரத்தில் கரைந்துவிட்டது. சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு பொட்டை எடுத்தாள். “சொம்புக்கில்ல, தண்ணிக்குக் கேட்டுப் பாரு,” என்று தண்ணீரில் போட்டாள்.

பொட்டு மிதந்தது. “வணக்கம். இந்தத் தண்ணீருக்குப் பணம் தந்தவர்...” என்று ஆரம்பித்து நின்றது. இருவரும் குனிந்து பார்த்தார்கள். அது இவ்வளவு நேரம் தேடி யாரும் பார்த்ததில்லை.

“எவருமில்லை. நன்றி.”

ரித்திக் சொம்பை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தான். பொட்டை மட்டும் துப்பி, சட்டையில் துடைத்து அவள் கையில் கொடுத்தான். 

*

வாக்குப்பதிவு நாள் காலை ஆறு மணிக்கே ஊர் முழுக்கப் பள்ளிக்கூட வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது. ஓட்டு இல்லாத ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேரும் குளித்து, நல்ல துணி உடுத்தி வந்திருந்தார்கள். எட்டு மணிக்கு ரித்திக் அம்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். உள்ளே போனான். ஒரு நிமிஷத்தில் விரலில் மையோடு வெளியே வந்தான். நூறு விழுக்காடு வாக்குப்பதிவு.

விதிப்படி மாலை ஐந்து வரை சாவடியை மூடக் கூடாது என்றார் ஜெனிபர் மேரி. ஒன்பது மணி நேரம் ஊர் அங்கேயே இருந்தது. யாரோ பறை கொண்டு வந்தார்கள், யாரோ சுண்டல் அவித்தார்கள், பூவிழியின் மைக்செட்டில் பாட்டுப் போட்டார்கள். ரித்திக்கிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அது வாக்காளருக்கு நெருக்கடி தருவதாகும் என்று அலுவலர் எச்சரித்திருந்தார்.

ஐந்து மணிக்கு எண்ணிக்கை தொடங்கி ஐந்து மணிக்கே முடிந்தது.

“பூவிழி, ஒன்று. ரித்திக், பூஜ்யம். ஒரு வாக்கு வித்தியாசத்தில் பூவிழி வெற்றி.” ஜெனிபர் மேரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “இது ரகசிய வாக்கெடுப்பு. வாக்களித்தவர் யாரென்று வெளியிடப்பட மாட்டாது.”

ஊர் ரித்திக்கைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டது. ஜெயித்தவளைத் தூக்க ஆள் மிஞ்சவில்லை. பிரணவ் தன்னால் முடிந்த மட்டும் தூக்கிப் பார்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

கம்பெனியின் வழக்கறிஞர் விடவில்லை. ஊரே சேர்ந்து வாக்காளருக்குத் தீனி போட்டு ஓட்டை வாங்கிவிட்டது என்று புகார் கொடுத்தார். ஜெனிபர் மேரி பொட்டுகள் சொன்னதை எல்லாம் இரண்டு நாள் உட்கார்ந்து படித்தார். ஒருவர் தந்ததில் அதிகபட்சம் நாற்பத்தொரு ரூபாய், ஒரு டப்பா நெய். பூவிழி தந்த சொம்புத் தண்ணீருக்கு எதிரே தொகை ஒன்றுமில்லை. “எவரும் ஒரு டீ விலையைத் தாண்டவில்லை. புகார் தள்ளுபடி,” என்று எழுதினார். ஒருத்தன் மொத்தமாகக் கொடுத்தால் லஞ்சம், ஊரே ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தால் அதற்குப் பெயர் என்ன என்று வழக்கறிஞர் கேட்டார். விதியில் அதற்குப் பெயர் எழுதவில்லை என்றார் அலுவலர்.

பாறைக்குழிக் குத்தகை மனு முதல் நாளே நிராகரிக்கப்பட்டது. ஆறு மாதத்தில் குழாயில் தண்ணீர் வந்தது. நீலக் கேன்களில் ஜனங்கள் கறிவேப்பிலைச் செடி வைத்தார்கள்.

ஆனால் பதவியேற்ற அன்று ஒன்று நடந்தது. பூவிழி மாலையோடு போய்த் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். புதுத் தலைவருக்காக வாங்கிய புது நாற்காலி. அதுவும் தேர்தலை ஒட்டி வந்த பொருள்தான் என்று அதன் தலையிலும் ஒரு பொட்டு ஒட்டியிருந்தார்கள்.

“வணக்கம். இந்த நாற்காலிக்குப் பணம் தந்தவர், கள்ளியம்புதூர் அக்ஷயா, சாயப்பட்டறைக் கூலி. கள்ளியம்புதூர் அனிருத், ஆடு விற்ற காசு...”

ஊர் வரிப் பணம். கடைசிக் கை வரைக்கும் ஒன்பதாயிரத்து இருநூற்றுப் பதினாலு பேர். வாசித்து முடிக்கப் பதினொரு மணி நேரம். நடுவில் எழுந்து உட்கார்ந்தால் மறுபடி அக்ஷயாவிலிருந்து ஆரம்பிக்கும். செய்தி பரவியதும் ஜனங்கள் அவரவர் நாற்காலியோடு வந்து அலுவலகத்தில் இடம் பிடித்தார்கள். தன் பெயர் வரும்போது ஒவ்வொருவரும் எழுந்து தலைவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அப்படியே ஒரு மனுவும் கொடுத்தார்கள்.

மூன்றாம் வாரம் பூவிழி தாங்க முடியாமல் ஊர் அவையைக் கூட்டினாள். தலைவர் நாற்காலிக்கு மட்டும் பொட்டை எடுத்துவிடலாம் என்று, நயமாக, சிரித்த முகத்தோடு தீர்மானம் வைத்தாள். வேண்டும் என்பவர்கள் புளியமரத்தடிக்கு வரலாம் என்றாள்.

ஒரு நாற்காலியும் அசையவில்லை. முன்வரிசையில் ரித்திக் கால்மேல் கால் போட்டு, அம்மாவின் குளிர்நாற்காலிக்குப் பக்கத்தில் தன் இரும்பு நாற்காலியில் சாய்ந்திருந்தான். பிரணவ்கூட நகரவில்லை.

“ஏனுங்க, நீங்களுமா?”

“என்ற பேரு மத்தியானம் மூணரைக்கு வருது அம்மிணி. பள்ளிக்கோடம் விட்டதும் வந்து கேக்கறேன்.”

பூவிழி பெருமூச்சு விட்டு, தீர்மானம் தோற்றது என்று பதிவேட்டில் எழுதி, நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டாள்.